ட்ரம்பெட்டுக்கு பஸ் காசு

மாமா 2016இல் இறந்த பிறகு அவருடைய சாக்ஸபோன் பெட்டி என் அலமாரிக்கு வந்தது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வெளியே கொடுக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. ஒருநாள் தூசி தட்டும்போது, ரீடுகள் வைக்கும் சின்ன அறையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். பாட்டெல்லாம் அமெரிக்க ஜாஸ் பாட்டுகள். ஆனால் எழுதியிருந்தது தமிழ் எழுத்தில், கோயில் பள்ளிக்கூடத்தில் கற்ற உருண்டைக் கையெழுத்தில். பாட்டின் பெயர், பக்கத்தில் சுருதி, அதற்குப் பக்கத்தில் அன்றைய இரவு கிடைத்த காசு. பல பக்கங்களின் அடியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "ட்ரம்பெட்டுக்கு பஸ் காசு."

யார் அந்த ட்ரம்பெட் என்று கேட்க மாமா இல்லை.

நான் 2004இல் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். மாமாவின் தாத்தாவும் வட ஆற்காட்டுக்காரர்தான். 1860 முதல் 1911 வரை நாட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறக்குறைய 1,52,000 பேரில் ஒருவர். பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமா எனக்குக் கதை சொன்னார். கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட், பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்ச், அங்கே கூடி வாசித்தவர்கள், சண்டை போட்டவர்கள், காதலித்தவர்கள். என் பையில் எப்போதும் போன் இருந்தது. ஒருமுறைகூட அதை எடுத்துப் பதிவு செய்யத் தோன்றவில்லை. அந்த வருத்தத்தில்தான் 2019இல் மாமாவின் கூட்டாளிகளைத் தேடிப் போகத் தொடங்கினேன்.

ஏன் தேடிப் போக வேண்டும், இசைத்தட்டுகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். டர்பனிலிருந்து வெளியே போனவர்களுக்குத் தட்டுகள் இருக்கின்றன. பியானோக் கலைஞர் பெக்கி ம்செலெகு 1955இல் இங்கே பிறந்து லண்டனில் பேர் வாங்கியவர். பேஸ் கிட்டார் சிபோ குமேடே எங்கள் கேட்டோ மேனரில் வளர்ந்து ஜோஹானஸ்பர்க் போனவர். போகாமல் இங்கேயே இருந்தவர்கள் பகலில் தையல்காரர்கள், செருப்புத் தொழிற்சாலை ஆட்கள், கடற்கரை ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்கள். வெள்ளிக்கிழமை மாலைதான் அவர்கள் கலைஞர்கள். அவர்களில் பெரும்பாலானவர்களை யாரும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வாசித்தது அன்றைய இரவோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது, அதை வாசித்தவர்களும் கேட்டவர்களும் சொல்லும் சொல் மட்டும்தான்.

முதல் பேட்டியை நான் கெடுத்தேன். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பெரியவர், மாமாவோடு டிரம்ஸ் வாசித்தவர். சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, நம் காது அதை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. போனில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் பேசினார், பதிவானது பத்தொன்பது நிமிடம். லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போனதும், இருட்டிலேயே இரண்டு கரண்டியை எடுத்து மேஜை விளிம்பில் தட்டி, மராபி என்ற பழைய தென்னாப்பிரிக்க நடன இசையின் தாளம் எப்படிப் போகும், மாமா அதில் எந்த இடத்தில் உள்ளே வருவார் என்று காட்டினார். அது பதிவில் இல்லை. அடுத்த மாதம் திரும்ப வருகிறேன் அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அடுத்த மாதமாகவே தள்ளிப்போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு நான் விட்டுக்கொடுக்காத சில பழக்கங்கள் உண்டு. தனி ரெக்கார்டர், கூடவே போனிலும் ஒரு பதிவு. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும், அதற்குத் தக்க கார்டு. புது பேட்டரி போட்டு, இன்னொரு ஜோடி பையில். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். ஃப்ரிட்ஜை அணைத்தால் என் கார் சாவியை அதற்குள் வைப்பேன், திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது. பிளாஸ்டிக் மேஜை விரிப்பை எடுத்துவிட்டுப் போர்வை விரிக்கச் சொல்வேன். முதலில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் ஆகியவற்றை என் குரலில் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருப்போம். அந்த அறையின் மௌனம் பின்னால் ஒலியைச் சுத்தம் செய்யும்போது தேவைப்படும். வீட்டுக்கு வந்ததும் மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். எங்களுக்கு அந்த வேறு வீடு டொங்காட்டில் இருக்கும் நாத்தனார் வீடு.

கேட்கும் விதத்தைக் கற்க இன்னும் நாளானது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். பரீட்சை எழுதுகிறமாதிரி ஆகிவிடுகிறது. ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்வார்கள், நாமும் நம்பி எழுதிவிடுவோம். மாமாவின் நோட்டுதான் எனக்கு வழி காட்டியது. முதல் பாதியில் காசெல்லாம் பவுண்டு, ஷில்லிங். ஒரு பக்கத்திலிருந்து எல்லாம் ரேண்ட். தென்னாப்பிரிக்காவில் ரேண்ட் வந்தது 1961 பிப்ரவரி 14. ஆக அந்தப் பக்கத்தின் இரு பக்கமும் எனக்குக் காலம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து "எந்த வருஷம்" என்பதே கிடையாது. "அந்த ராத்திரிக்கு பவுண்டில் கொடுத்தாங்களா, ரேண்டிலா அங்கிள்?" "கேட்டோ மேனர் வீட்டிலிருந்து போனீங்களா, சாட்ஸ்வொர்த் வந்த பிறகா?" கேட்டோ மேனரிலிருந்த இந்தியர்களை நிறவெறி அரசு சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பியது. "இந்தியன் மார்க்கெட் எரிந்ததற்கு முன்னாலா?" அது 1973. "வீட்டில் டிவி வந்தாச்சா?" அது 1976க்குப் பிறகு. இப்படிக் கேட்டால் பதில் சட்டென்று வரும், கூடவே கதையும் வரும். கேட்டோ மேனர் வீட்டைக் கேட்டபோது ஒருவர் முதலில் மாமரத்தைச் சொன்னார், அப்புறம் அந்த மரத்தடியில் நடந்த ஒத்திகையை, அப்புறம் அதிகாரிகள் வீட்டுச் சுவரில் எழுதிய எண்ணை.

பெயர்களும் தெருக்களும் தனிச் சிக்கல். கிரே ஸ்ட்ரீட் இன்று டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட் இன்று பெர்த்தா ம்கிசே ஸ்ட்ரீட். பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வரும், பேரப்பிள்ளைகளுக்குப் புதியது மட்டும்தான் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்களின் பெயரும் அப்படியே. நிறவெறிக் காலத்தில் ஒரு கலைஞர் ஒரே பெயரில் வாசித்தார் என்று நினைக்கவே கூடாது. கேப் டவுனின் கறுப்பினச் சாக்ஸபோன் கலைஞர் வின்ஸ்டன் மங்குன்கு, வெள்ளையர் கச்சேரியில் திரைக்குப் பின்னால் நின்று 'வின்ஸ்டன் மான்' என்ற பெயரில் வாசித்த கதை ஊரறிந்தது. இங்கேயும் அப்படித்தான். "மேடைக்கு என்னென்ன பெயர் வச்சிருந்தீங்க?" என்று இப்போது எல்லோரையும் கேட்கிறேன். ஒரு பெரியவர் நான்கு பெயர் சொன்னார். அவர் மகளுக்கு அதில் ஒன்றுதான் தெரிந்திருந்தது.

புகழ்பெற்ற கதைகளை நான் தடுப்பதில்லை. ஆனால் அதோடு நிற்கவும் மாட்டேன். நம் பாடகர் ஸன்னி பிள்ளை, பாடகி மிரியம் மகேபாவை 1959இல் கல்யாணம் செய்த கதையை ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள், ஒரே மாதிரி வார்த்தைகளில் சொல்வார்கள். பல வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. கேட்டு முடித்துவிட்டு, "அந்த வாரம் நீங்க எங்கே வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்பேன். அப்போது ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் வருவதுதான் இதுவரை யாரும் கேட்டிராதது. அந்த நொடியில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இது இன்றும் கஷ்டம்தான். பழைய பதிவுகளைக் கேட்டால், அவர் யோசிக்கும்போது நான் அடுத்த கேள்வியைப் போட்டு மூடிய கதவுகள் நிறையத் தெரிகின்றன.

வாத்தியத்தை மடியில் கொடுங்கள். வாசிக்க வேண்டாம், பிடித்தால் போதும். கையெழுத்துக்கூட நடுங்கும் ஒருவரிடம் மாமாவின் சாக்ஸபோனைக் கொடுத்தேன். விரல்கள் தானாக விசைகளில் உட்கார்ந்தன. "இந்த விசை ஒட்டும்னு உங்க மாமா எப்பவும் கத்துவான்" என்று தொடங்கியவர், ஹோட்டலில் பரிமாறிக்கொண்டே வெள்ளையர் பேண்டின் பாட்டுகளைக் காதால் பிடித்து, தட்டுகளை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடி முணுமுணுத்துப் பழகியதை ஒரு மணி நேரம் சொன்னார். பாட்டை முணுமுணுத்தால் ரெக்கார்டர் ஓடட்டும். அவருடைய அப்பா ஆறடிக் கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். தெருக்கூத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். முணுமுணுப்பில் ஒரு இடத்தில் ஜாஸ் போய், கூத்துப் பாட்டின் இழுப்பு வந்தது. அவர் கவனிக்கவில்லை. எழுத்தில் அதைப் பிடித்திருக்கவே முடியாது.

மொழியையும் திருத்தாதீர்கள். "இன்னா மா, வூட்டுக்கு லேட்டா போனா எங்க ஆயா டோரைத் தொறக்காது, அப்புறம் யார்டுலதான் ஸ்லீப்பு" என்று ஒருவர் சொன்னால் அது வட ஆற்காட்டுத் தமிழும் டர்பன் ஆங்கிலமும் சேர்ந்து நூற்றைம்பது வருஷம் கொதித்த குழம்பு. முதலில் நான் அதை நல்ல தமிழாக்கி எழுதினேன். படித்துப் பார்த்தால் பேசியவர் அதில் இல்லை. கிழித்துவிட்டுச் சொன்னபடியே எழுதினேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது, ஸுலு கலந்தால் இன்னும் கூட.

2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அந்தத் துக்கத்தின் முன்னால் கேசட்டுகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒரு பழைய கிட்டார் கலைஞர் தானாகவே கூப்பிட்டார். அவருடைய பெட்டியில் நாற்பதுக்கும் மேலான கேசட்டுகளும் ஸ்பூல்களும் சேற்றில். பதற்றத்தில் பேரன் சிலவற்றை ஹேர் டிரையரால் உலர்த்தி, பிளேயரில் போட்டுப் பார்த்திருந்தான். அவை போயின. மற்றதைச் சுத்தமான, குளிர்ந்த, காய்ச்சி வடித்த நீரில் அலசி, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டோம். சூடு கூடாது, ஃப்ரீசர் கூடாது, சுத்தம் செய்யாமல் ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. வினிகர் வாசனை வரும் ஸ்பூல் தானாகவே அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைத்தான் டிஜிட்டல் ஆக்க வேண்டும். நல்ல கேசட்டாக இருந்தாலும் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், யாரும் தவறி மேலே பதிய முடியாது. பதினொன்று தப்பின. ஒன்றில் மூன்று நிமிடம் மாமா வாசிக்கிறார்.

சம்மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் கையெழுத்து வாங்கினால் போதாது. பேசி முடித்து, எழுதியதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, இரண்டாவது முறை கேட்க வேண்டும். ஒருவர் அப்படிக் கேட்ட பிறகுதான் பதினான்கு நிமிடத்தை மூடி வைக்கச் சொன்னார், தன் காலத்துக்குப் பிறகு திறக்கலாம் என்று. அந்தக் காலத்தில் ஒரு மேடையில் ஏற ஒரு மனுஷன் என்னவெல்லாம் மறைக்க வேண்டியிருந்தது என்பது அதில் இருக்கிறது. இங்கே அதைச் சொல்லமாட்டேன். முதல் பிரதி எப்போதும் குடும்பத்துக்கு, அப்புறம்தான் காப்பகத்துக்கு. க்வாஸுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுதுலி ஆவண மையமும், டெர்பி ஸ்ட்ரீட்டில் 1860 பாரம்பரிய மையமும் இருக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் ஜாஸ் மையம் இருக்கிறது. 1983இல் இங்கே பாடம் சொல்லித்தர வந்த ஜாஸ் பியானோக் கலைஞர் டேரியஸ் புரூபெக் 1989இல் தொடங்கியது அது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர்களுடைய மேடைக்கு முன்னால் இன்னொரு மேடை இருந்தது.

இத்தனை பேரைத் தேடி ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், மெரேபேங்க் என்று மூன்று வருஷம் சுற்றினேன். என் வீட்டில், அடுத்த அறையில், எண்பதைத் தாண்டிய அத்தை உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் வாசித்தவர் இல்லையே என்று நினைத்தேன். இந்த மூன்று வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

கேட்டதுகூடத் தற்செயல். மாமாவின் பேண்ட் படத்தைப் பெரிதாக்கிக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர், ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு. அத்தை பின்னால் வந்து நின்று, "அந்தக் காலர் சரியா உக்காரலை பார்" என்றார்.

"எந்தக் காலர் அத்தை?"

"ட்ரம்பெட்டோடது. சாட்டின் பத்தலை. ஃபேக்டரியில் மிஞ்சின துண்டு, ஆறு கோட்டுக்குத்தான் வந்துச்சு. இதுக்கு என் ப்ளவுஸ் துணியைப் போட்டேன்."

நான் ரெக்கார்டரை எடுத்தேன். அத்தை துணிமணித் தொழிற்சாலையில் பதினேழு வயதிலிருந்து வேலை செய்தவர். ஏழு கோட்டையும் தைத்தவர், ஒவ்வொரு திங்களும் துவைத்து நீலம் போட்டவர். ஆண்கள் எனக்குப் பாட்டின் பெயரைச் சொன்னார்கள். அத்தை யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் சாப்பிடாமல் வந்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதைச் சொன்னார். இரவுகளை அவர் குழம்பை வைத்து நினைவு வைத்திருந்தார். பீன்ஸ் குழம்பு வைத்த ராத்திரி, மீன் வைத்த ராத்திரி.

ட்ரம்பெட் செஸ்டர்வில்காரர். கேட்டோ மேனரை அடுத்த கறுப்பினத்தவர் குடியிருப்பு அது. கச்சேரி முடியும் நேரத்தில் நகருக்குள் அவர் நிற்க பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லையென்றால் பிடித்து உள்ளே போடுவார்கள். அதனால் மாமா அவரைக் கூடவே அழைத்து வருவார். சமையலறையில் பாய். விடிந்ததும் டீ, ரொட்டி, பஸ் காசு. பாய் விரிக்கும் முன் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ட்ரம்பெட்டின் வாயில் துணியை அடைத்துக்கொண்டு, குழந்தைகள் எழாதபடி மெல்லமாக ஒன்று வாசிப்பாராம். அத்தை அதை முணுமுணுத்துக் காட்டினார். எட்டு அடி. அறுபது வருஷத்துக்குப் பிறகு, சுருதி பிசகாமல்.

நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ரேண்ட் வந்த பிறகும் "ட்ரம்பெட்டுக்கு பஸ் காசு" தொடர்கிறது. பிறகு ஒரு பக்கத்தில் "புது வீடு, சாட்ஸ்வொர்த்" என்று மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வரி எங்கேயும் இல்லை. ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிப் பகுதிக்குப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் என்ன செய்தது என்று நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் நெஞ்சில் இறங்கியது. பக்கத்து மேட்டில் இருந்தவர் வேறு ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

அத்தைக்கு அவருடைய உண்மைப் பெயர் தெரிந்திருந்தது. மேடைப் பெயர் இல்லை, அவர் அம்மா கூப்பிட்ட ஸுலுப் பெயர். ஆண்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அந்தப் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு செஸ்டர்வில்லில் ஒரு சர்ச்சில் போய்க் கேட்டோம். மூன்றாவது ஞாயிறு ஒரு பெண் படத்தில் அந்தக் காலரைத் தொட்டு, "தாத்தா" என்றாள். அவர் 1990களில் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார்.

போன மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு டப்பா நிறைய முறுக்கும், பென் டிரைவில் அந்த முணுமுணுப்பும். அந்த அம்மா இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை, எட்டு அடி முடிந்த இடத்திலிருந்து அவர் தொடர்ந்து பாடினார். நாங்கள் யாரும் கேட்டிராத மிச்சம். கல்யாணத்தில் பாடும் பாட்டாம். அப்புறம் இரண்டு பேரும் ஸுலுவில் பேசத் தொடங்கினார்கள். அத்தைக்கு ஸுலு இவ்வளவு நன்றாக வரும் என்று பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரெக்கார்டர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அந்தப் பேத்தியோடு டீ போடப் போய்விட்டேன்.

46 நிமிடம் பதிவாகியிருக்கிறது. பேத்தி தான்தான் எழுதுவேன் என்று வாங்கிக்கொண்டாள். இதுவரை 12 நிமிடம் அனுப்பியிருக்கிறாள். அதில் மாமா இரண்டு முறை வருகிறார், ப்ளவுஸ் துணி ஒருமுறை.